வாசல் கரையில், அடுப்படி மேட்டில்

மெக்கானிக்கின் வீடு மூன்று கிலோமீட்டர் நீளம். வாசல் கடற்கரையில் இருக்கிறது, அடுப்படி மேட்டில் இருக்கிறது, நடுவில் ஓரிடத்தில் பஸ் குறுக்கே போய் வருகிறது. கட்டும்போது அப்படி இல்லை. எல்லார் வீட்டையும் போல ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, ஒரு அடுப்படி, பின்னால் துணி துவைக்க ஒரு கல், அவ்வளவுதான். வாசலில் நின்று தும்மினால் அடுப்படியில் பாத்திரம் அதிரும். பத்திரிகைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு நீளத்துக்குக் கட்டிய கொத்தனார் யார் என்று கேட்டார்கள். அவர் செத்துப் பல வருஷம் ஆயிற்று என்று சொன்னதும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். கட்டினவர் செத்ததற்கும் வீடு நீண்டதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. படித்தவர்கள் கேட்கிற கேள்வி இப்படித்தான் இருக்கும். வீடு நீண்டதற்குக் காரணம் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. ஊரறிந்த விஷயம், மறைக்க ஒன்றுமில்லை.

மெக்கானிக் வீடு இருந்த தெருவுக்கு முன்னால் ஒரு காலத்தில் இன்னொரு தெரு இருந்தது. அதற்கும் முன்னால் வலை காயப்போடுகிற மணல் இருந்தது. மணலைக் கடல் எடுத்துக்கொண்டபோது யாரும் பெரிதாக நினைக்கவில்லை, வலையைக் கூரையில் காயப்போட்டார்கள். பிறகு முன்தெருவை எடுத்தது. பசு கன்றை நக்குகிற மாதிரி அவசரமே இல்லாமல் நக்கி நக்கி எடுத்தது. இந்த மாதம் ஒரு வாசல்படி, அடுத்த மாதம் ஒரு குளியலறைச் சுவர். முன்தெரு முழுக்கப் போன பிறகுதான் இரண்டு அலுவலகத்திலிருந்து இரண்டு ஜீப் வந்தது. ஒரு ஜீப்பில் வந்தவர் கல் சுவர் கட்டித் தருகிறோம் என்று படம் காட்டினார். படத்தில் சுவர்மேல் ஒரு ஆள் காலைத் தொங்கப்போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த ஆளை ஊரில் யாரும் பார்த்ததில்லை. இன்னொரு ஜீப்பில் வந்தவர் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஆளுக்கொரு மனை தருகிறோம் என்று வேறு படம் காட்டினார். படத்தில் வரிசையாக மரம் இருந்தது. அந்த மரத்தையும் மேட்டில் யாரும் பார்த்ததில்லை. சுவர் வேண்டுமானால் மொத்தத் தெருவும் இங்கேயே இருக்க வேண்டும், பாதித் தெருவுக்குச் சுவர் கட்ட மாட்டோம் என்றார் ஒருவர். மேடு வேண்டுமானால் மொத்தத் தெருவும் வந்துவிட வேண்டும், ஒரு வீட்டைக்கூட விட்டுவிட்டு வரக்கூடாது என்றார் மற்றவர். நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் போனார்கள். முடிவு பண்ணுவது தங்கள் வேலை இல்லை என்பதில் மட்டும் இரண்டு அலுவலகமும் ஒற்றுமையாக இருந்தன.

அந்தத் தெருவுக்கு முடிவெடுக்க ஒரே ஒரு வழிதான் தெரியும். காற்று சரியில்லாத நாளில் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று பெரிய படகுக்காரர் மத்தியானம் வீடு வீடாக நடந்து கேட்பார். வீட்டுக்கு ஒரு வாய். எல்லா வீடும் போகலாம் என்றால் எல்லாப் படகும் போகும், ஒரு வீடு வேண்டாம் என்றாலும் ஒரு படகும் போகாது. கடலில் ஒரு படகு கவிழ்ந்தால் தூக்குவதற்கு இன்னொரு படகு பக்கத்தில் இருந்தாக வேண்டும், அதற்காக வைத்த முறை. படகுக்கு அது நல்ல முறைதான். காற்று மறுநாள் மாறிவிடும், காத்திருந்தால் ஒரு நாள் மீன் போகும், வேறொன்றும் போகாது. அதே முறையை வீட்டுக்கும் வைத்தார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு. காத்திருக்கக் காத்திருக்கத் தெரு குறைந்துகொண்டே வருமே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வேறு முறை அவர்களுக்குத் தெரியாது.

முதல் தடவை கேட்டபோது தெரு எதிரும் புதிருமாக இருந்தது. பல தடவை கேட்டுக் கேட்டு, பேசிப் பேசி, தொண்டை கட்டிப்போய், கடைசியில் ஒவ்வொரு வீடாக அலுத்துவிட்டது. கடைசி வீடு என்ன சொல்லுதோ அதுதான் எங்கள் முடிவும் என்று எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். தெருவில் கடைசி வீடு மெக்கானிக்குடையது. பெரிய படகுக்காரர் வாசலில் வந்து நின்று கேட்டார். மெக்கானிக் சுவர் என்றான். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி மேடு என்றாள். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

"ரெண்டு வாய் கேக்குதேப்பா" என்றார் பெரிய படகுக்காரர்.

"எனக்கும் காது இருக்கு, கேட்டுது" என்றான் மெக்கானிக்.

"வீட்டுக்கு ஒரு வாய்தான். உள்ள போய்ப் பேசி ஒண்ணாக்கிட்டு வாங்க. தெருவே உங்களுக்காக நிக்குது."

"நிக்கட்டும் பெரியப்பா. தண்ணி வந்தா தானா ஓடும்" என்றாள் தையல்காரி, நூலைப் பல்லால் கடித்தபடி.

இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. அவன் படகு எஞ்சின் ரிப்பேர் பண்ணுகிறவன். வாசலில் உட்கார்ந்தபடியே அலைக்கு அந்தப் பக்கம் எந்த எஞ்சின் இருமுகிறது என்று கேட்டு, படகு கரை தொடுவதற்குள் ஸ்பேனரை எடுத்து வைத்திருப்பான். மேட்டுக்கு யார் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்? அங்கே போய் மிக்சி ரிப்பேர் பண்ணவா என்பான். அவளுக்கோ கடல் தண்ணீர் தையல் மெஷினின் பெடல்வரை வந்துபோய்க்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை அளவெடுத்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் உள்ளே வந்துவிட, இரண்டு பேரும் பெஞ்சின்மேல் ஏறி நின்று மிச்ச அளவை எடுத்தார்கள். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது வேறு. அவன் காற்றுக்காக வாசலை ஒட்டிக் கட்டிலைப் போட்டு மரக்கட்டை மாதிரித் தூங்குகிறவன். அவனுக்கு நீச்சல் தெரியாது. இத்தனை வருஷம் கரையில் இருந்தும் கற்றுக்கொள்ளவில்லை, ரிப்பேர் எல்லாம் தரையில்தானே என்பான். அவன் தூங்கும்போது அவள் விழித்திருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்பாள். வருஷக்கணக்கில் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு அது தெரியாது, குறட்டை விடுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

அன்று உள்ளே போய்ப் பேசினார்கள்.

"ஒரு நாள் உங்களைத் தூக்கத்துலயே தூக்கிட்டுப் போகப்போகுது. குறட்டை விட்டுக்கிட்டே போவீங்க."

"போற இடத்துலயும் எஞ்சின் கெட்டுப்போகும்ல? நான் அங்க இருந்தா நல்லதுதானே."

அவள் பாயை அடுப்படியின் பின்சுவரை ஒட்டி விரித்துக்கொண்டாள். அவன் கட்டிலை இன்னும் கொஞ்சம் வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். காலையில் கோபம் தீராவிட்டாலும் டீ போட்டாள். அடுப்படி வாசற்காலில் நின்றபடி எப்போதும்போலக் கையை நீட்டினாள், அவனும் எப்போதும்போலக் கட்டிலில் உட்கார்ந்தபடி கையை நீட்டினான். டம்ளர் எட்டவில்லை. இரண்டு கைக்கும் நடுவில் ஒரு முழம் மிச்சம் இருந்தது.

அன்றிலிருந்து வீடு நீண்டது. வாசல் இருந்த இடத்திலேயே இருந்தது, அடுப்படி மேட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது, நடுவில் நடைவழி வளர்ந்தது. சுவரில் ஒரு விரிசல் இல்லை. பழைய சுண்ணாம்பின் அழுக்கு எந்த நிறமோ அதே நிறத்தில் புதுச்சுவரும் அழுக்காகவே வளர்ந்தது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் ஜன்னல் தானாக வந்தது. மரியாதை தெரிந்த வீடு. யார் கிணற்றையும் மிதிக்காமல் ஒதுங்கிப் போனது, சதுப்பு நிலத்தில் தரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனது. பெரிய ரோடு வந்ததும் ஒரு மழைக்காலம் முழுக்க ஓரத்திலேயே நின்றது, கடக்கப் பயப்படுகிற கிழவனைப் போல. பிறகு ஒரு நாள் கடந்தது. ரோட்டின்மேல் வருகிற இடத்தில் மட்டும் இரண்டு சுவரிலும் கதவில்லாத பெரிய திறப்பு விட்டு, பஸ் உரசாத உயரத்துக்குக் கூரையைத் தூக்கிக்கொண்டது. முதல் நாள் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, வீட்டுக்குள் ஓட்டலாமா என்று தையல்காரியைக் கேட்டார். செருப்போட வராம இருந்தா சரி என்றாள் அவள். கிண்டல் புரியாத ஆள், அன்றிலிருந்து அந்த இடத்தில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டினார்.

அளவெடுக்கிற அதிகாரி ஒருவரும் வந்தார். டேப்பை விரித்துக்கொண்டே நடந்தார், டேப் தீர்ந்தது, வீடு தீரவில்லை. இதை உள்ளபடி சொன்னால் என்னை வேலையைவிட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று சொல்லி மூன்றறை வீடு என்றே எழுதிக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். கேட்ட சத்தம் அடுப்படிக்குப் போய்ச் சேரவே மத்தியானம் ஆகிவிட்டது. காத்திருந்து குடித்துவிட்டுத்தான் போனார். அந்த அலுவலகத்தில் அவர் ஒருவரைத்தான் கொஞ்சம் நம்பலாம்.

மெக்கானிக்கின் தங்கை, புருஷனை இழந்தவள், பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். வாய் நீளம். "ஊர்ல புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டாத் தட்டு உடையும். எங்கண்ணன் அண்ணி சண்டை போட்டா ஜில்லாவே நீளுது" என்று மீன் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு யாரும் பார்க்காதபோது அண்ணியின் அடுப்படிவரை நடந்துபோய் மீனும் கொடுத்துவிட்டு வருவாள்.

அந்த நடைவழியில் பேச்சுக்கு ஒரு பழக்கம் உண்டாயிற்று. அடுப்படியில் சொன்ன வார்த்தை வாசலுக்கு வர அரை நாள் பிடித்தது. அதிலும் எல்லா வார்த்தையும் ஒரே வேகத்தில் வருவதில்லை. திட்டு கனமானது, மெல்லத்தான் நகரும். அவள் காலையில் திட்டிவிட்டு, மனசு கேட்காமல் கொஞ்ச நேரம் கழித்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டிருப்பாள். பின்னால் கிளம்பின அந்தக் கேள்வி முன்னால் போன திட்டை வழியில் முந்திக்கொண்டு வந்து சேரும். அவன் சாப்பிட்டேன் என்று பதில் சொல்லி முடித்த பிறகு திட்டு வரும். ஏற்கெனவே ஆறிப்போன திட்டு, அவனுக்கு உறைக்காது. அப்படி நாலைந்து வருஷம் ஓடியது. சாயங்காலத்தில் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி தூரம் நடந்து வந்து நடுவில் ஒரு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அவன் இளைத்துவிட்டான் என்று அவள் சட்டையைப் பிடித்துப் பார்ப்பாள். பிறகு மேடு என்பாள். அவன் சுவர் என்பான். எழுந்து ஆளுக்கொரு பக்கம் நடப்பார்கள்.

தெருவுக்கு இதனால் ஒரு சுகமும் இல்லை. காலம் மாறும்போதெல்லாம் பெரிய படகுக்காரர் வந்து கேட்டார், இரண்டு வாய்தான் பதில் சொன்னது. சுவரும் வரவில்லை, மேட்டில் மனையும் வரவில்லை. கடல் தெருவின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டது. வீடு போனவர்கள் எதிர்ப்பக்க வீடுகளில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். கோபத்தில் மெக்கானிக்கோடு பேச்சை நிறுத்தினார்கள். எஞ்சினை மட்டும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள், வேறு மெக்கானிக் இல்லையே. அந்த வீட்டுக்கு ஒரு வாய் ஆகிறவரை அதன் வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று பெரிய படகுக்காரர் தெரு கேட்கச் சத்தியம் பண்ணினார்.

பெரிய தண்ணீர் வந்தது ஒரு மத்தியானம். புயலும் இல்லை, மழையும் இல்லை, சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கடல் எழுந்து நின்றது, பிறகு நடந்து வந்தது. அதற்கு முன்பே பின்பக்கச் சதுப்பு வழியாகத் தண்ணீர் சுற்றி வளைத்துவிட்டதால் மேட்டுக்கு ஓட வெளியில் பாதை இல்லை. காய்ந்த தரை ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, மெக்கானிக்கின் வீட்டுக்குள். முதலில் உள்ளே ஓடியவர் சத்தியம் பண்ணின பெரிய படகுக்காரர். பின்னால் பிள்ளைகள், ஆடுகள், டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருத்தர், மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருத்தர், பீரோவைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கின் தங்கை. அவன் வாசலில் நின்று ஒவ்வொருத்தராகக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து விட்டான். எல்லாரும் போன பிறகும் நகரவில்லை. ரிப்பேருக்கு விட்டிருந்த எஞ்சின்கள் தண்ணீருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்தவன் பொருள், எப்படி விட்டுவிட்டு வருவது?

"அண்ணே, எஞ்சின் முழுகினா நீ ரிப்பேர் பண்ணுவ. நீ முழுகினா யாருண்ணே ரிப்பேர் பண்றது? வா!" என்று தங்கை நடைவழியிலிருந்து கத்தினாள்.

மேட்டில் தையல்காரிக்குக் கடல் தெரியாது. ஆனால் அடுப்படித் தரை திடீரென்று வேர்த்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்பு. அடுப்பை அணைத்துவிட்டுக் கரையைப் பார்த்து ஓடினாள். எதிரே தெரு முழுக்க வந்துகொண்டிருந்தது. எங்க அவரு, எங்க அவரு என்று ஒவ்வொருத்தரையும் கேட்டாள். பின்னாடி வராரு என்றார்கள் எல்லாரும். பெரிய படகுக்காரரும் பின்னாடி வராரு என்றார், ஆட்டுக்காரரும் பின்னாடி வராரு என்றார், பீரோ தள்ளிவந்த நாத்தனாரும் பின்னாடிதான் அண்ணி என்று சொல்லிவிட்டு அழுதாள். பிறகு கேட்பதற்கு ஆள் இல்லாமல் நடைவழி காலியாகக் கிடந்தது. இரண்டு பக்க ஜன்னலிலும் தண்ணீர் தெரிந்தது. அவள் அந்தக் காலி நடைவழியில் தனியாக, நின்றால் பயம் பிடித்துக்கொள்ளும் என்று நிற்காமல் நடந்தாள்.

முழங்கால் தண்ணீரில், தலையில் ஸ்பேனர் பெட்டியோடு, அவன் வந்துகொண்டிருந்தான். அவள் பெட்டியை இறக்கி வாங்கிக்கொண்டு, முந்தானையால் அவன் காதைத் துடைத்தாள்.

"காலு நனைஞ்சிருக்கு, காதை ஏன் தொடைக்கற?"

"இத்தனை வருஷம் சொன்னது ஒண்ணும் ஏறலயே, அடைச்சிருக்கான்னு பாத்தேன்."

இரண்டு பேரும் மேட்டைப் பார்த்து நடந்தார்கள். கடல் பின்னாலேயே நடைவழியில் வந்தது. அவ்வளவு நீளமான வீட்டை அதுவும் பார்த்ததில்லை. நடந்து நடந்து களைத்து, பெரிய ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. தெருவில் மிச்சமிருந்தது மெக்கானிக்கின் வாசலும் முன்னறையும் மட்டும்தான்.

மற்றவர்கள் போக இடமில்லாமல் நடைவழியிலேயே இருந்துவிட்டார்கள். முதலில் சேலையைத் திரையாகக் கட்டினார்கள், பிறகு பலகை அடித்தார்கள். விடியும் முன்பே கடலுக்குப் போகிறவர்கள் வாசல் பக்கம் இடம் பிடித்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர்கள் பஸ் நிற்கிற பக்கம் போனார்கள். மூச்சுவாங்குகிற கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் மேட்டுப் பக்கம். யாருக்கு எவ்வளவு கடல் வேண்டுமோ அவ்வளவு தூரத்தில் அவரவர் இருந்தார்கள். யாரும் யாரையும் ஒரு வாய் கேட்கவில்லை. இரண்டு ஜீப்பும் மறுபடி வந்தன. நீங்கள் கரையைவிட்டுப் போய்விட்டீர்கள், அதனால் சுவர் இல்லை என்றார் ஒருவர். நீங்கள் கரையைவிட்டுப் போகவில்லை, அதனால் மனை இல்லை என்றார் மற்றவர். தெரு அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பியது.

தண்ணீர் வடிந்ததும் பழையபடி வாசலுக்கே போய்விட்டிருந்த மெக்கானிக் அந்த வாரம்தான் மனசு மாறினான். சாயங்காலம் நடு ஜன்னலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், தட்டைப் பார்த்தபடியே, நீ சொன்னதுதான் சரி, மேட்டுக்கே வந்துடறேன் என்றான். கட்டிலைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான். அவள் அன்றைக்குத்தான், கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல்முறையாக, தண்ணீர்ச் சத்தத்துக்குக் காது கொடுக்காமல் தூங்கினாள்.

காலையில் நடைவழி முழுக்கக் கூச்சல். பலகைகள் வளைந்து நின்றன. ஒருத்தர் ஆடு இன்னொருத்தர் அடுப்பில் நின்றது. தங்கையின் பீரோ பக்கத்துக் குடும்பத்தின் தொட்டிலை முட்டிக்கொண்டிருந்தது. வீடு சுருங்கியிருந்தது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை, தங்கைக்கு மட்டும் புரிந்தது. விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய், அங்கே அண்ணனின் கட்டிலைப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்தாள்.

"ஓ, சமாதானம் ஆயிட்டீங்களா? நல்லா இருக்கு. அங்க குழந்தை நசுங்குது!"

இத்தனை வயசுக்கு மேல் இரண்டு பேரும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுநாளும் சுருங்கியது. இப்படியே போனால் ஒருநாள் பழைய மூன்றறைதான் மிஞ்சும், இத்தனை குடும்பமும் எங்கே போகும்? பெரிய படகுக்காரர் நேரில் வந்தார். "ஒரு வாய் ஒரு வாய்னு உங்க உயிரை எடுத்தவன் நான்தான். இப்ப கையெடுத்துக் கும்பிடறேன், பழையபடி ரெண்டு வாயா இருங்கம்மா" என்றார்.

சண்டை போட்டுப் பார்த்தார்கள். ஆட்கள் சுற்றி நிற்க, அவன் சுவர் என்று கத்தினான். அவள் மேடு என்று கத்தினாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு வீடு வழக்கத்தைவிட அதிகமாகவே சுருங்கியது. அதிகாரிகளை ஏமாற்றலாம், வீட்டை ஏமாற்ற முடியாது. மெய்யான சண்டையாக இருக்க வேண்டும். அதுதான் இரண்டு பேரிடமும் தீர்ந்துபோயிருந்தது. தையல்காரிக்கு அந்த நாட்களில் சாப்பாடு இறங்கவில்லை. அவனைப் பத்திரமான இடத்தில் கொண்டுவந்து படுக்க வைக்க இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. அதை விட்டுக்கொடுத்தால் தெருவுக்கு வீடு, பிடித்துக்கொண்டால் அவளுக்குத் தூக்கம். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் காலை மடக்கிக்கொண்டு படுத்தார்கள், அதுதான் அவளை என்னவோ பண்ணியது.

இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க ஒரு நாள் வாசல்வரை நடந்து போனாள். கையோடு தைக்கிற துணியும் இருந்ததால் அவன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து தைத்தாள். அந்த இடத்தில் அவள் நிம்மதியாக உட்கார்ந்ததே இல்லை, எப்போதும் தண்ணீர் எங்கே வருகிறது என்றுதான் பார்த்திருக்கிறாள். இப்போது அவன் மேட்டில் பத்திரமாக இருந்ததால் பார்ப்பதற்கு மற்றதெல்லாம் இருந்தது. காற்று துணியைப் பிடித்து இழுத்து விளையாடியது. படகில் வருகிற பெண்கள் தூரத்திலிருந்தே அக்கா, என் ரவிக்கை ஆச்சா என்று கத்தினார்கள். எங்கோ ஒரு எஞ்சின் இருமியது, அவளுக்கும் கேட்டது. சாயங்காலம் எழுந்திருக்க மனசு வரவில்லை. நாத்தனார் வந்து கூப்பிட்டதற்கு, மெஷினை இங்க கொண்டுவந்து போடச் சொல்லு, நான் இங்கதான் இருக்கப்போறேன் என்றாள். யாருக்காகவும் சொல்லவில்லை, மெய்யாகவே சொன்னாள்.

அன்று வீடு சுருங்கவில்லை.

மேட்டில் மெக்கானிக் கட்டிலில் படுத்துப் பார்த்தான். காற்று வந்தது, ஆனாலும் தூக்கம் வரவில்லை. அவள் வாசலில் இருக்கிறாள். அவளுக்கு நீச்சல் தெரியும், தெரிந்தால் என்ன? அங்கே தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கும், கதவைச் சாத்தியிருப்பாளா, மெஷினைக் காப்பாற்றுகிறேன் என்று நின்றுவிடுவாளா என்று கேட்டுக்கொண்டே கிடந்தான். அவள் அத்தனை வருஷம் எப்படிப் படுத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. விடிந்ததும் நடைவழி முழுக்க ஓடி, கரைக்கு வந்து, மூச்சு வாங்க நின்றான்.

"மேட்டுக்கு வாம்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

"வர மாட்டேன். நீங்க சொன்னப்ப எனக்குப் புரியல. இந்த எடம் நல்லாத்தான் இருக்கு."

"நான் சொன்னதை நீ எதுக்குக் கேக்கற? நீ சொன்னதுதான் சரி!"

"நான் சொன்னதை நீங்க கேட்டீங்கல்ல, நீங்க அங்கயே இருங்க. நான் உங்க பேச்சைக் கேட்டு இங்க இருக்கேன்."

அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பலகைகள் நிமிர்ந்தன. தொட்டில் பீரோவைவிட்டு விலகி ஆட ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் வீடு பழைய நீளத்துக்கு வந்துவிட்டது.

அதிலிருந்து அவள் வாசலில் தைக்கிறாள், அவன் மேட்டில் சமைக்கிறான். எஞ்சின்களை மேடுவரை கொண்டுபோக நடைவழிக்காரர்கள் ஒரு சக்கர வண்டி செய்து கொடுத்திருக்கிறார்கள். அவன் சமையல் சுமார்தான், உப்பு சரியாக விழுவதில்லை. கடல் அவ்வப்போது முன்பக்கம் ஒரு அறையை எடுக்கிறது, வீடு பின்பக்கம் அவ்வளவு வளர்ந்துகொள்கிறது, அவள் மெஷினைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்கிறாள். சாயங்காலம் நடு ஜன்னலில் சாப்பிட்டு முடித்ததும் மேட்டுக்கு வா என்று அவன் கேட்பதும், மாட்டேன் என்று அவள் சொல்வதும் தவறுவதில்லை. வெளியூரிலிருந்து நடைவழிக்கு வாழ வந்த புதுப்பெண் ஒருத்தி, இந்த வயசுல எதுக்கு இவங்க ஆளுக்கொரு பக்கம் போறாங்க, யாராவது பேசித் தீர்த்து வைக்கக் கூடாதா என்று கேட்டாள். மெக்கானிக்கின் தங்கை அவள் வாயைப் பொத்தினாள்.

"அம்மா தாயே, அவங்க சண்டை தீராம நல்லா இருக்கட்டும்."

எப்போதாவது ஒரு நாள், சாப்பிட்ட பிறகும் இரண்டு பேரும் எழுந்திருக்காமல் ஜன்னல் ஓரமே உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு வீடு ஒரு விரற்கடை சுருங்கும். நடைவழிக்காரர்கள் ஒன்றும் கேட்பதில்லை. விளக்கைத் தணித்துவிட்டு, அன்று மட்டும் காலை மடக்கிப் படுத்துக்கொள்கிறார்கள்.